ஆட்டாத கோப்பை

பேய்க் கதை என்றதும் நடுராத்திரி, நாய் ஊளை, தானாகத் திறக்கும் கதவு என்று எதிர்பார்த்து வந்திருந்தால் எழுந்து போய்விடுங்கள். எங்கள் ஷர்கியா பாலைவன மணலில் திறப்பதற்குக் கதவே கிடையாது. நான் பார்த்தது சூரியன் முழுசாக இறங்காத நேரத்தில், என் சொந்த அடுப்புக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில். பொய் என்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். என் பெயர் ஸுவைனா. பிதியா ஊரில் யாரைக் கேட்டாலும் என் கூடாரத்துக்கு வழி சொல்வார்கள். வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அங்கே ஒரு பெரிய வன்னி மரம். அதன் அடியில்தான் எங்கள் அப்பா காலத்திலிருந்து குளிர்காலக் கூடாரம் போடுகிறோம். கோடை வந்தால் ஆட்டையும் பாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பேரீச்சந்தோப்புக்குப் போய்விடுவோம். வெயில் தணிந்ததும் திரும்பி வருவோம். இடையில் ஒரு வருஷம், ஒரு மணல்மேடு தள்ளி, சுற்றுலா விடுதி ஒன்று வந்தது. கூடாரம் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். உள்ளே பளிங்குக் குளியல்தொட்டி, குளிர்சாதனம், வெளியே நீச்சல்குளம். விருந்தினருக்குச் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சிகளில் நானும் ஒரு நிகழ்ச்சி. ஒட்டகச் சவாரிக்குக் கீழே, நட்சத்திரம் பார்ப்பதற்கு மேலே, 'பதூவின் வீட்டுக் காப்பி' என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள்; பதூ என்றால் எங்களைப் போலப் பாலைவனத்தில் கூடாரம் போட்டு வாழ்கிறவர்கள். என் தம்பி கல்ஃபான்தான் அவர்களை வண்டியில் கூட்டிவருவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், அக்டோபரில் நாங்கள் தோப்பிலிருந்து திரும்பிய மறுநாளே விடுதி மேலாளர் மர்வான் வந்து நின்றான். மஸ்கட்காரன். காரியம் ஆகவேண்டும் என்றால் நான் அவனுக்குப் பெரியம்மா. கோபம் வந்தால் வெறும் ஸுவைனா.

"பெரியம்மா, இந்த வருஷம் ஒரே ஒரு சட்டம். நம்ம விருந்தாளிக்கு மட்டும்தான் காப்பி. வழியில போறவன் வர்றவனெல்லாம் இங்க உக்காரக் கூடாது."

"ஏன், உக்கார்ந்தா மணல் தேஞ்சிடுமா?"

"சிரிக்காதீங்க. இந்த மரமும் நிலமும் இப்ப விடுதி குத்தகையில இருக்கு. வெளியாள் ஒருத்தன் உக்கார்ந்தான்னு தெரிஞ்சாலும் மரத்தைச் சுத்தி வேலி போட்டுடுவேன். அப்புறம் உங்க கூடாரத்தை வேற எங்கயாவது போட்டுக்குங்க."

அப்பா உட்கார்ந்த இடம். என் பிள்ளைகளைப் பெற்ற இடம். ஆனால் பயத்தை அவனிடம் காட்டிக்கொள்வேனா?

"போட்டுப் பாரு," என்றேன்.

பேசி முடிக்கும்வரை அவன் மரத்தடிப் பக்கம் திரும்பவே இல்லை. அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அன்றைக்கே சாயங்காலம் அந்த ஆள் வந்தான்.

ஐந்தே முக்கால் இருக்கும். விருந்தினர் யாரும் வராத நாள். ஏலக்காய் தட்டிப் போட்டு, காப்பியைக் கூஜாவில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்கவில்லை. ஆடுகள் கத்தவில்லை. மண் நிறத்தில் அங்கி, தலைத்துணி, முகமெல்லாம் மணல்.

ஸலாம் சொல்ல வேண்டியது வந்தவன். அவன் சொல்லவில்லை. சரி, களைப்பாக இருக்கும் என்று நானே சொன்னேன். உதடு மட்டும் அசைந்தது. வெடித்து, வெளுத்துப்போன உதடு.

யார், எந்த ஊர் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்களிடம் அது நடக்காது. வந்தவன் மூன்று நாள் தின்று குடித்து முடிக்கும்வரை பேர் கேட்பது அசிங்கம். நீ இன்னார் என்று தெரிந்தால்தான் ஊற்றுவேன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். மர்வான் சொன்ன வேலி ஒரு கணம் கண்முன்னால் வந்து போனது. வந்தால் வரட்டும் என்று ஊற்றினேன்.

எங்கள் கோப்பை சின்னது, பிடி இல்லாதது. அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவோம். குடித்துவிட்டு நீட்டினால் மறுபடி ஊற்ற வேண்டும். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டுவார்கள். குடிக்கிறவன் ஆட்டும்வரை ஊற்றுகிறவள் நிறுத்தக் கூடாது.

குடித்தான். நீட்டினான். ஊற்றினேன். கொதிக்கிற காப்பி, ஊதிக்கூடக் குடிக்கவில்லை. க்ளக்... க்ளக்... என்று தொண்டைச் சத்தம் மட்டும் கேட்டது. பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தி வைத்தேன். தொடவில்லை. அப்போதுதான் அவன் வலது கையைப் பார்த்தேன். மணிக்கட்டுவரை சாம்பல் அப்பியிருந்தது. அடுப்பு மூட்டியவள் நான். என் கையில்கூட அவ்வளவு சாம்பல் இல்லை.

கோப்பையை அவன் ஆட்டவே இல்லை. கூஜா காலியானது. இன்னொரு தடவை போடலாம் என்று விறகை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால்... ஆள் இல்லை. கோப்பை மணலில் இருந்தது. விளிம்பு உடைந்து, நீலக் கோடு போட்ட கோப்பை. அதைச் சுற்றிலும் சாம்பல் விரல் தடம். மணலில் என் காலடியைத் தவிர வேறு காலடி இல்லை. காற்று அழித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று காற்றே இல்லை.

மறுநாள் கல்ஃபான் ஒரு ஜெர்மன் தம்பதியைக் கூட்டிவந்தான். மணல்மேட்டில் ஏற்றி இறக்கிக் குலுக்கி எடுத்திருப்பான் போல, அந்த அம்மாள் முகம் வெளிறியிருந்தது. காப்பி உள்ளே போனதும் தெளிந்துவிட்டாள். கல்ஃபான் சொல்லிக்கொடுத்தபடி இருவரும் கோப்பையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தபடி திரும்பினேன்.

அவன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. நீலக் கோடு கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தான்.

ஊற்றினேன். நீட்டினான். ஊற்றினேன்.

அந்த அம்மாள் அவன் பக்கமாக நகர்ந்து உட்காரப் போனாள். சட்டென்று எழுந்து, தோளைத் தேய்த்துக்கொண்டு, கணவன் பக்கம் போய்விட்டாள்.

"அக்கா," கல்ஃபான் குரலைத் தாழ்த்தினான். "என்ன பண்ற?"

"கண்ணு தெரியலயா? காப்பி ஊத்தறேன்."

"யாருக்கு?"

"விளையாடாதடா."

"அக்கா... அங்க யாரும் இல்ல. மணல்ல கோப்பையை வெச்சு அதுல ஊத்திக்கிட்டே இருக்க."

எனக்கு அந்தக் கோப்பை அவன் விரல்களுக்கு நடுவில் தெரிந்தது.

கல்ஃபான் குனிந்து கோப்பையைச் சுற்றித் தோண்டினான். முழங்கை ஆழம் தோண்டினான். "ஊத்தினதெல்லாம் எங்க போச்சு?" என்றான். மணல் காய்ந்திருந்தது.

க்ளக்... என்று கேட்டது.

எனக்கு மட்டும்.

விருந்தினர் இதை ஏதோ சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள். விடுதிக்குப் போய், அந்த அம்மா காற்றுக்குக்கூடக் காப்பி ஊற்றுகிறார்கள் என்று மர்வானிடம் மெச்சிச் சொல்லியிருக்கிறார்கள். மர்வான் சிரிக்கவில்லையாம். எந்த இடத்தில் உட்கார்ந்து ஊற்றுகிறாள் என்று மட்டும் கல்ஃபானைக் கேட்டானாம்.

"கூடாரத்தைப் பிரிச்சிடலாம் அக்கா," என்றான் கல்ஃபான். "தோப்புக்கே போயிடலாம். இது நல்லதுக்கில்ல."

"இன்னிக்கு இதுக்குப் பயந்து எழுந்து போனா, நாளைக்கு மர்வானுக்குப் பயந்தும் எழுந்து போகணும். வேற வேலை இருந்தா போய்ப் பாருடா."

அவனிடம் சொன்னேனே தவிர, படுத்தால் தூக்கம் வரவில்லை. அந்த உதடு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது. விடியும்போது எனக்கு ஒன்று புரிந்தது. அது காப்பி கேட்கிற உதடு இல்லை.

மூன்றாம் நாள். இனிமேல் பேர் கேட்கலாம்.

விருந்தினருக்கென்று விடுதி கொடுத்திருந்த தண்ணீர் பாட்டில்களை எல்லாம் எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. கண்ணை மூடித் திறந்தேன்.

உட்கார்ந்திருந்தான்.

தண்ணீரை ஊற்றினேன். க்ளக். நீட்டினான். ஒரு பாட்டில் தீர்ந்தது. இன்னொன்று. அதுவும் தீர்ந்தது. பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். ஆனாலும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"குடிப்பா," என்றேன். "நீ யாரா இருந்தாலும் சரி, எதுவா இருந்தாலும் சரி. என் அடுப்புலேர்ந்து தாகத்தோட யாரும் எழுந்து போனதில்ல."

முதல் தடவையாக அவன் தலை நிமிர்ந்தது.

கண் இருக்க வேண்டிய இடத்தில் மணல் நிரம்பியிருந்தது.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. மர்வான். தனியாக வந்திருந்தான். பின்னால் இரும்புக் கம்பங்களும் கம்பிச் சுருளும். ஒரு கம்பத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான்.

"ஸுவைனா! பைத்தியம் பிடிச்சிருக்கா? விருந்தாளிக்கு வெச்ச தண்ணிய மணல்ல கொட்டிக்கிட்டிருக்க?"

"விருந்தாளிக்குத்தான் ஊத்தறேன்."

"எந்த விருந்தாளி? எங்க பதிவு பண்ணியிருக்கான்?"

"நீயே கேளு. மூணாம் நாள் ஆச்சு, கேக்கலாம்."

கையைக் காட்டினேன். மர்வான் பார்த்தான்.

கம்பம் கீழே விழுந்து அடுப்புக் கல்லில் பட்டது. ணங்...

"இவன்... இவனை..."

கோப்பை மெல்ல நீண்டது. என் பக்கம் இல்லை.

மர்வான் பக்கம்.

பாட்டிலை அவன் கையில் திணித்தேன். "ஊத்து."

பின்னால் போனான்.

"ஒரு வாய் தண்ணிடா. ஊத்து!"

பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினான்.

வண்டிக் கதவு. டப்.

ஒரு மூச்சு விடும் நேரம்...

இன்னொரு கதவு. டப்.

எதிரே பார்த்தேன். மணல் காலி. கோப்பையும் இல்லை.

மர்வான் அன்றைக்கே மஸ்கட் போய்ச் சேர்ந்தான். வேலைக்குத் திரும்பவில்லை, பெட்டியைக்கூட எடுக்க வரவில்லை. இனி அவன் வரமாட்டான் என்று உறுதியான பிறகுதான் விடுதி வாசல் காவலாளி ஷஃபீக் என்னைத் தேடி வந்தான். பங்களாதேஷ்காரன், சாது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே அழுதான்.

ஜூலையில் நடந்ததாம். நாங்கள் தோப்பில் இருந்தோம். உச்சி வெயிலில் ஒரு ஆள் நடந்து விடுதி வாசலுக்கு வந்திருக்கிறான். ஒட்டகத்தைத் தேடி வந்தவன், வண்டி மணலில் புதைந்துவிட்டது, தண்ணீர் வேண்டும் என்றிருக்கிறான்.

"நான் என் பாட்டிலை எடுத்துட்டேம்மா. மர்வான் சார் கையைப் பிடிச்சுட்டாரு. பதிவு இல்லாதவனுக்கு வாசல்ல குடுத்துப் பழக்கினா நாளைக்கு நாலு பேர் வந்து நிப்பான், குளத்துல விருந்தாளிங்க இருக்காங்கன்னாரு. அந்த ஆள் சண்டை போடல. சரி, ஸுவைனா அடுப்புக்குப் போறேன், அங்க யாரும் பேர் கேக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போனான்."

கோடையில் நான் அங்கே இருக்கமாட்டேன் என்பது மணலில் எல்லோருக்கும் தெரியும். தாகத்தில் மறந்திருப்பான்.

"ரெண்டு நாள் கழிச்சு மரத்தடியில பார்த்தோம், செத்துக் கிடந்தான். உங்க பழைய அடுப்புக் குழியில, வலது கை மணிக்கட்டு வரைக்கும் சாம்பலுக்குள்ள இருந்துச்சு. ஈரம் இருக்கான்னு தோண்டியிருக்கான். வாயைத் திறந்தா ஊருக்கு அனுப்பிடுவேன்னாரு மர்வான் சார்."

அந்தக் குழியில்தான் நான் மூன்று நாளும் நெருப்பு மூட்டினேன். அந்த மரத்தை வேலிக்குள் வைத்து மூட மர்வான் ஏன் துடித்தான் என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. புது மேலாளர் வந்து வேலிப் பேச்சை எடுத்தார். ஷஃபீக் சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். கம்பங்களை அன்றே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கூடாரம் அங்கேதான் இருக்கிறது. கோடையில் தோப்புக்குக் கிளம்பும்போது இப்போதெல்லாம் அடுப்புப் பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர் வைத்துவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது பானை மூடினபடியே இருக்கிறது, தண்ணீர் குறைவதில்லை. ஏன் என்றும் எனக்குத் தெரியும்.

மர்வான் ஓடிப்போன அந்தக் குளிர்காலத்திலேயே அவன் பெட்டியைக் கொடுக்கக் கல்ஃபான் மஸ்கட் போனான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"கதவை முழுசாத் திறக்கல அக்கா. இடுக்கு வழியா பெட்டியை இழுத்துக்கிட்டான். உள்ள அவன் பொண்டாட்டி, சாயங்காலம் ஆகுது, தண்ணி பிடிச்சு வெச்சீங்களான்னு கத்தறா. திரும்பறேன்... வாசப்படியில நம்ம கோப்பை. உடைஞ்ச விளிம்பு, நீலக் கோடு. சுத்தி சாம்பல் தடம். எடுக்கலாம்னு குனிஞ்சேன். உள்ள ஈரமா இருந்துச்சு. அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணின."

"நம்ம கோப்பை அக்கா. அப்பா வாங்கினது."

"இருக்கட்டும்," என்றேன். "அவன் இன்னும் ஆட்டலையே."