பள்ளம் காணாமல் போன சாலை

மோட்டார் பத்திரிகைக்காகக் கார்களை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவனுக்கு அலுவலகத்தில் ‘குலுக்கல்’ என்று பெயர். எந்தக் கார் வந்தாலும் மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் பாழாய்ப்போன சாலைக்குத்தான் முதலில் கொண்டுபோவான். அங்குள்ள பள்ளங்கள் அவனுக்குப் பங்காளிகள் மாதிரி. எது எப்போது காலை வாரும் என்று தெரியும். அலுங்காமல் தாண்டினால் வாங்கலாம் என்று எழுதுவான். பல்லோடு பல் மோதினால் வேண்டாம். மைலேஜும் டிக்கியும் அப்புறம்தான்.

அன்று வந்தது ஒரு நடுத்தர செடான். இந்த முறை வாசகர்களோடு, இதையே வாங்கலாமா என்று கேட்கும் அக்காவுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இடுப்பு எலும்பு விலகிய மாமா குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“நீ சரின்னு சொல்லு, இன்னிக்கே புக் பண்ணிடறோம்” என்று அக்கா முன்னால் ஏறினாள். மாமா தலையணையோடு பின்சீட்டில் சாய்ந்தார்.

மரக்கடை திரும்பியதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாலை முழுக்கப் புதுத் தார். பங்காளிகள் ஒருவர்கூட இல்லை.

“என்னமா மிதக்குதுடா!” என்றாள் அக்கா.

“மிதக்குறது காரா ரோடான்னு தெரியலக்கா.”

“நாம காருக்குள்ளதானே இருக்கோம்?”

சந்து சந்தாக அலைந்து ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்து இறக்கினான். “ஐயோ!” என்றார் மாமா. முன்பின் பழகாத பள்ளம். அது ஆழமா, கார்தான் மட்டமா?

“மாமா, உங்க பழைய காரைவிட வலி கூடவா, கம்மியா?”

“வலியைத் தராசுலயா போட்டுப் பார்க்கிறது, மாப்ளே?”

வீட்டுக்கு வந்து, பழைய காரில் அவரை ஏற்றி அதே வழியில் ஓட்டினான். கிழட்டு வண்டியும் புதுத் தாரில் வழுக்கிக்கொண்டு போனது. பள்ளத்தில் அதே “ஐயோ!”

“அப்போ எதுக்குப் புதுசு?” என்றார் மாமா.

வாசலில் அவரை இறக்க அக்காவும் அவனும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியிருந்தது. அவனுக்குப் பொறி தட்டியது. கார் மாறும்போது செடானிலிருந்து மாமா யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாரே!

“வாங்கலாம்கா” என்றான்.

“எதை வச்சு சொல்றே?”

“மாமா தானாவே இறங்கினாரே, அதை வச்சு.”

“அட, நீ ஓட்டின ஓட்டுல தப்பிச்சா போதும்னு குதிச்சேன் மாப்ளே” என்றார் மாமா.

அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “புக் பண்ணவா, வேணாமா? ஒண்ணு சொல்லித் தொலை.”

அவன் செடானைப் பார்த்தான். பழைய காரைப் பார்த்தான். மாமாவின் இடுப்பைப் பார்த்தான். பிறகு செடானின் பின்கதவைத் திறந்து பிடித்தான்.

“மாமா, இன்னொரு தடவை ஏறுங்க. இப்போ அவசரப்படாம இறங்கிக் காட்டுங்க.”