திரைக்கு வராத நாலாம் லைன்

ரூபா இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் திணித்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, கேபின் கண்ணாடிக்கு அப்பால், உயரத்தில் தொங்கும் பெரிய டிவி கறுத்துக் கிடக்கிறது. "வாபஸ் பா... வாபஸ் பா, தேவ்ரே" என்று உதடுகள் முணுமுணுக்கின்றன. திரும்பி வா, சாமி என்று கன்னடத்தில் கெஞ்சுகிறாள். சாமியைக் கூப்பிடுகிறாளா, படத்தைக் கூப்பிடுகிறாளா என்பது அவளுக்கே தெரியாது. டிவி ஒருமுறை சிமிட்டிவிட்டுப் பழைய படத்தைக் காட்டுகிறது. அதற்குப் பிறகுதான் கைகள் வெளியே வருகின்றன.

கைகளை இப்படிப் பூட்டி வைக்கக் காரணம் உண்டு. கணினியில் திரையின் அளவை மாற்றினால், 'இந்த அளவே இருக்கட்டுமா?' என்று அது கேட்கும். யாரும் பதில் சொல்லாவிட்டால் தானாகவே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். ஆகவே படம் இருண்டால் சும்மா இருப்பதுதான் மருந்து. ரூபாவுக்குச் சும்மா இருக்க வராது. முதல் தடவை இருட்டைப் பார்த்த பதற்றத்தில் கைக்குக் கிடைத்த பட்டனையெல்லாம் தட்டி, இருட்டே இருக்கட்டும் என்று சம்மதம் கொடுத்துவிட்டாள். அந்த ஷிப்ட் முழுவதும் டிவி இருண்டே கிடந்தது. அன்றிலிருந்து அவள் தன் கைகளை நம்புவதில்லை.

பாகலூர் சாலையில் இருக்கும் அந்த ஆலையில் இரு சக்கர வண்டிகளுக்கான இண்டிகேட்டர் விளக்குகளைப் பூட்டுகிறார்கள். நான்கு லைன்கள். ஒவ்வொரு லைனிலும் பெண்கள் வரிசையாக நின்று, கூட்டில் பல்பைச் செருகி, கண்ணாடியை வைத்து, திருகை முடுக்கி, கடைசியில் சோதனைப் பலகையில் எரிய விட்டுப் பார்ப்பார்கள். எரிந்தால் டிவியில் அந்த லைனின் கணக்கு ஒன்று ஏறும். அந்த மணி நேரத்துக்குரிய இலக்கை ஒட்டி ஓடினால் வரி பச்சை, பின்தங்கினால் சிவப்பு. கணினிக்கு வேறு திரை கிடையாது. காலையில் ரூபா இலக்குகளைத் தட்டும்போது அவளுடைய எழுத்துப்பிழைகூட ஆலை முழுவதற்கும் தெரியும். "பாருடி, ரூபாவோட அம்பு நடுங்குது" என்று கீழே சிரிப்பார்கள். மவுசைப் பிடித்திருக்கும் கை இன்னும் நடுங்கும்.

ரூபாவுக்கு இருபத்திரண்டு வயது. அப்பா கங்கப்பன் பாகலூர்ப் பக்கம் ரோஜா போட்டிருக்கிறார். வீட்டில் கன்னடம், தோட்டத்தில் தெலுங்கு, ஆலையில் தமிழ். எந்த மொழியில் பேசினாலும் கடைசியில் "சரிதானே?" என்று ஒன்றைச் சேர்க்காமல் விடமாட்டாள். "சார், கேபிள் மாத்திட்டேன், சரிதானே?" "அக்கா, மழை வரும்போல இருக்குது, சரிதானே?" அடையாள அட்டையின் ஓரத்தைக் கடித்துக் கடித்து அதில் அவளுடைய புகைப்படத்துக்குப் பாதித் தோள்தான் மிச்சம். வீட்டில் டிவி ரிமோட்டைத் தொடவே மாட்டாள். "ஆலையில இவ்ளோ பெரிய டிவிய ஓட்டற, இங்க நியூஸ் வைக்கமாட்டியா?" என்று கங்கப்பன் கேட்டால், "நீங்களே வச்சுக்குங்கப்பா, எனக்கு அங்கயே போதும்" என்று அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அது அலுவலகத்துக்கான திரையும் அல்ல, வீட்டு டிவிதான். வீட்டு டிவிகள் சிலவற்றுக்கு ஒரு குணம் உண்டு. வருகிற படத்தைச் சற்றுப் பெரிதாக்கி, ஓரங்களை வெட்டிவிடும். சினிமாவில் அது தெரியாது. இங்கே தெரிந்தது. இடப்பக்கம் 'லைன்' என்ற சொல்லில் முதல் எழுத்தைக் காணோம். அடியில் நாலாம் லைனின் வரியே காணோம். டிவியின் மெனுவுக்குள் போனால் சரிசெய்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஆயுத பூஜைக்குப் பிறகு ரிமோட் வேலை செய்யவில்லை. பேட்டரி மாற்றினார்கள், வேறு ரிமோட்டும் வாங்கிவந்து பார்த்தார்கள். "டிவிக்குக் காது செத்துப்போச்சு" என்று எலக்ட்ரீஷியன் திம்மப்பன் முடிவு சொல்லிவிட்டார். எனவே டிவி வெட்டுகிற அளவுக்கு முன்கூட்டியே படத்தைச் சிறிதாக்கி அனுப்பும் வேலை ரூபாவின் தலையில் விழுந்தது. கணினியில் இல்லாத ஓர் அளவைத் தானே உண்டாக்கிக் கொடுப்பாள். அகலம் இத்தனை, உயரம் இத்தனை. டிவிக்குப் பிடிக்காவிட்டால் இருட்டு. சாப்பாட்டு நேரத்தில் லைன்கள் நிற்கும்போது மட்டுமே இந்தப் பரீட்சை.

இத்தனையும் நடக்க, தங்கள் வரி தெரியாததில் நாலாம் லைனில் ஒருவருக்கும் வருத்தம் இல்லை.

ரூபாவும் இரண்டு வருடம் அந்த லைனில் நின்றவள்தான். கணினி தட்டத் தெரியும் என்று கேபினுக்கு ஏற்றினார்கள். அங்கே நடப்பது அவளுக்குத் தெரியும். சோதனைப் பலகைக்கு முந்தைய இடத்தில் திருகு முடுக்குகிறவள் மணிமேகலை. ஊத்தங்கரைப் பக்கத்துக்காரி, ஓசூரில் வாடகை அறையில் இருக்கிறாள். மழைக்காலத்தில் அவளுடைய வலது கட்டைவிரல் பாகங்கள் வரும் கிரேட் பெட்டிக்கு அடியில் நசுங்கியது. நகம் முளைத்துவிட்டது, விரல் முன்போல் மடங்குவதில்லை. அதிலும் ஓசூர்க் குளிரில் காலையில் அது மரக்கட்டை. வெயில் தகரக் கூரையில் ஏறிய பிறகுதான் இளகும். அதனால் நாலாம் லைன் காலையில் மெதுவாக ஓடும். மத்தியானத்துக்கு மேல் முன்னால் நிற்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவளுடைய திருகுகளையும் முடுக்கி அனுப்புவார்கள். ஷிப்ட் முடியும்போது கணக்கு நேராகிவிடும். மேலே போகிற அறிக்கையில் மொத்தம் மட்டும்தான். காலைச் சிவப்பு டிவியில் மட்டும்தான் வரும், அந்த வரிதான் திரைக்கு வெளியே இருக்கிறதே.

"ஏம்புள்ள ரூபா, எங்கள அப்பிடியே அடியில போட்டு வையி. மேல ஏத்திடாத" என்று கேண்டீனில் மணிமேகலை சிரிப்பாள். இடது கையால்தான் களியைப் பிட்டுச் சாப்பிடுவாள்.

"மேகலக்கா, எவ்ளோ நாளைக்கு இப்படியே? டாக்டர்கிட்ட மறுபடி காட்டுங்க, சரிதானே?"

"காட்டுனா ரெஸ்ட் எடுன்றான். ரெஸ்ட் எடுத்தா, ஆள் அனுப்புற காண்ட்ராக்டரு வூட்லயே எடுத்துக்கோன்றான்." சொல்லிவிட்டு அதற்கும் சிரித்தாள்.

ரூபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் இரண்டாம் லைன் காலையில் தொடர்ந்து சிவப்பு காட்டியபோது, மேற்பார்வையாளர் வந்து பின்னால் நின்று யாருடைய கை தாமதம் என்று பார்த்தார். அந்தக் கைக்குரிய பெண் மறுவாரம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை.

இந்த நிலையில்தான் தயாரிப்புப் பொறுப்பாளர் விஜயகுமார் கேபினுக்குள் தலையை நீட்டினார். கெட்ட மனிதர் அல்ல. பேசும்போது பாதி நேரம் போன் காதில் இருக்கும்.

"ரூபா, நாளைக்குக் காலையில கஸ்டமர் வர்றாங்க. நாலு லைனும் போர்டுல தெரியணும். போன தடவையே கேட்டாங்க, நாலாவது எங்கன்னு. முடிச்சுடும்மா."

"சார், அளவு போட்டா டிவி எடுத்துக்க மாட்டேங்குது சார். ட்ரை பண்றேன், சரிதானே?"

"ட்ரை இல்லம்மா. முடி."

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் கேண்டீனுக்குப் போகவில்லை. ஓர் அளவு கொடுத்தாள். இருட்டு. கைகள் தொடைக்கு அடியில். திரும்பியது. உயரத்தைக் குறைத்துக் கொடுத்தாள். 'இந்த வடிவம் ஏற்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி டிவியில் மூலைக்கு மூலை நகர்ந்தது. அதுவும் திரும்பியது. இன்னும் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தாள். இருட்டு, சிமிட்டல், பிறகு படம்.

முழுப் படம். நான்கு பக்கமும் மெல்லிய கறுப்பு விளிம்பு. இடப்பக்கம் 'லை' முழுசாக இருந்தது. அடியில் நாலாம் லைன், சிவப்பில். நடுவில் அந்தக் கேள்வி, இந்த அளவே இருக்கட்டுமா?

ஆலையில் ஒருவரும் இல்லை. ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. ரூபா சிவப்பு வரியைப் பார்த்தாள். கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. எடுக்கவில்லை. கேள்வி மறைந்தது, படம் சிமிட்டியது, நாலாம் லைன் மறுபடி திரைக்குக் கீழே போய்விட்டது. அந்த அளவை அவள் அழித்தும் விட்டாள். மாலையில் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அடையாள அட்டையின் மிச்சத் தோளையும் கடித்தாள்.

மறுநாள் காலையில் குளிர் கூடுதல். விஜயகுமார் டிவியை அண்ணாந்து பார்த்தார்.

"ஆகலையா?"

"ஆகல சார்." இந்த வாக்கியத்துக்கு மட்டும் 'சரிதானே' வரவில்லை.

அவர் திட்டவில்லை. "விடு. கேண்டீன் டிவியக் கழட்டி இங்க மாட்டிடலாம். திம்மப்பா, ஏணியப் போடு."

திம்மப்பன் ஏணியில் ஏறினார். டிவியின் அடி விளிம்பில் திருகைத் தேடியவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்னய்யா?"

"சார், டிவி அணைஞ்சிருந்தா செவப்பா ஒரு பொட்டு லைட்டு எரியணுமில்ல? அணைச்சுட்டேன். அது எரியல." விரலால் எதையோ சுரண்டிப் பார்த்தார். "அய்யய்யோ. நான் வச்ச பொட்டு சார்."

ஆயுத பூஜை அன்று எல்லா எந்திரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர் அவர்தான். மேலே தொங்குகிறது என்று டிவியை விட மனம் வராமல், ஏணி போட்டு ஏறி, விளிம்பின் நட்டநடுவில் தாராளமாக அப்பியிருந்தார். ரிமோட்டின் ஒளி உள்ளே போகிற சின்னக் கண்ணாடி இருந்ததும் நட்டநடுவில்தான். பூஜைப் பொட்டை அடுத்த பூஜைக்கு முன்னால் யாரும் துடைப்பதில்லை. காய்ந்து கல்லாகி, டிவியின் காதை அடைத்துக்கொண்டு அது அங்கேயே இருந்திருக்கிறது.

"தொடச்சுடு" என்றார் விஜயகுமார்.

"தொடைக்கக் கூடாது சார். தள்ளி வைக்கறேன்." நகத்தால் பெயர்த்தெடுத்து, எச்சில் தொடாமல், தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்து மூலையில் ஒட்டினார். கீழே இருந்து முதல் லைன்காரி ஒருத்தி, "திம்மப்பண்ணா, எங்க சூப்பர்வைசருக்கும் காதுல பொட்டு வச்சுட்டியா? நாங்க சொல்றது கேக்கவே மாட்டேங்குது" என்றாள். அந்தப் பக்கம் முழுவதும் சிரித்தது.

விஜயகுமாரும் சிரித்துவிட்டு ரிமோட்டை ரூபாவிடம் நீட்டினார். "நீ வைம்மா. உனக்குத்தான் தெரியும். கஸ்டமர் வண்டி கேட்டுக்கு வந்துடுச்சு."

ரூபா வாங்கினாள். உட்காரவில்லை, கைகளை ஒளிக்க இடமில்லை. டிவியை எழுப்பினாள். மெனு, படம், படத்தின் அளவு. கீழே இறங்கி, உள்ளபடியே காட்டு என்ற இடத்தில் நின்றாள். கட்டைவிரல் பட்டனின் மேல் இருந்தது.

"என்னம்மா?"

அழுத்தினாள். படம் ஒரு மூச்சு உள்ளே வாங்கியதுபோல் சுருங்கி உட்கார்ந்தது. நான்கு வரிகள். மூன்று பச்சை, அடியில் ஒன்று சிவப்பு.

"சூப்பர்" என்று சொல்லி விஜயகுமார் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நடந்தவர் பாதியில் திரும்பி, சிவப்பு வரியை இன்னொரு தடவை பார்த்தார். "நாலு ஏன் இப்படி ஓடுது? அவங்க டீ குடிச்சுட்டு உள்ள வர்றதுக்குள்ள பாக்கறேன்."

நாலாம் லைனில் தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. மணிமேகலை கடைசியாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, விறைத்த விரலை வாயருகே கொண்டுபோய் இரண்டு தடவை ஊதிவிட்டு, திருகு முடுக்கியை எடுத்தாள். அது நழுவியது. மறுபடி எடுத்தாள்.

ரூபா ரிமோட்டைத் திம்மப்பன் கையில் கொடுத்தாள். கேபினுக்குப் போகவில்லை. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள், விஜயகுமாரின் முதுகுதான் தெரிந்தது. துப்பட்டாவை இழுத்து இடுப்பில் முடிந்தாள். லைன் பெண்கள் போடும் தொப்பிகள் இருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, மாட்டிக்கொண்டே நடந்தாள். லைனில் ஒவ்வொருவரும் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் மஞ்சள் கட்டம் போட்டுக் குறித்திருக்கிறார்கள். ஒருவருக்கு மேல் நிற்க முடியாத கட்டம் அது.

"ஏய், நீ எதுக்குடி இங்க வர்ற? பாத்தாங்கன்னா உன்னையும்..." என்றாள் மணிமேகலை.

"தள்ளிக்கோங்கக்கா" என்றாள் ரூபா. மணிமேகலையின் ஷூவுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு உள்ளே ஒரு காலை வைத்து, முடுக்கிக்குக் கையை நீட்டினாள்.