போர்வை அக்கா கட்டிய ஒருநாள் மைதானம்

நாற்பதாயிரம் பேர் உட்காரும் ஸ்டேடியத்தில் ஏழாயிரம் பேர் உட்கார்ந்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரி போட்ட மாதிரிதான் இருக்கும். அதை டி.வி.யில் பார்த்து நாலு பேர் சிரித்துவிடக் கூடாதே என்று அந்தக் கால்பந்து கிளப் ஒரு தையல்காரியை வேலைக்கு வைத்திருந்தது. காலி இருக்கைகளைத் துணி போட்டு மூடுவதுதான் அவள் வேலை. பதினோரு வருடமாக மூடிக்கொண்டிருந்தாள். தலைவர் முதல் கோல்கீப்பர் வரை எல்லோருக்கும் அவள் போர்வை அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

துணிதானே என்று லேசாக நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தார்ப்பாய் கனத்துக்கு நீலத் துணி. ஓரம் முழுக்கப் பித்தளை வளையம், வளையத்துக்கு வளையம் கயிறு. ஒரு போர்வை ஐந்நூறு இருக்கையை மூடும். அப்படி அறுபத்து நான்கு போர்வைகள். அத்தனையையும் விரித்துக் கட்டிய பிறகு ஆட்களுக்கென்று மிஞ்சுவது பதினாறு பகுதி. அதையும் ஒரே இடத்தில் விட மாட்டார்கள். பக்கத்துக்கு நாலாக நாலு பக்கமும் சிதறி இருக்கும். கேமரா எந்தப் பக்கம் திரும்பினாலும் கூட்டம் இருப்பதாகத் தெரிய வேண்டுமாம்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு துணிக்கடையின் பின்னறையில் பேன்ட் கால்களை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். யாருடைய கால் என்றே தெரியாமல் ஆயிரக்கணக்கான கால்கள். கணவன் இறந்து மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, கிளப் அவளுக்குப் படிக்கட்டுகளுக்கு அடியில் ஓர் அறை கொடுத்தது. கனத்த துணி தைக்கும் பெரிய மெஷின், ஏறி நின்று வெட்டும் மேஜை, இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சாவி, துணி தூக்க இரண்டு சுமைக்காரர்கள். ஐம்பத்து மூன்று வயதில் ஒருத்தி "இது என் இடம்" என்று சொல்லிக்கொள்ள வேறென்ன வேண்டும்? அந்த அறைக்குள் நுழைந்தால் தலைவரே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். தரையில் துணி கிடக்குமே, அதை மிதித்துவிட்டால் அவள் பேச்சைக் கேட்க முடியாது.

ஸ்டேடியம் நகராட்சியுடையது. கிளப் வெறும் வாடகைக்காரன். ஓட்டப்பந்தயக்காரர்களுக்காக நடுவே அகலமான ஓடுபாதை வேறு சுற்றிப் போவதால், முன்வரிசையில் இருப்பவனுக்கே ஆட்டக்காரர்கள் எறும்பு அளவுதான். இப்படியிருக்க, பஸ் டெப்போவுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒன்பதாயிரம் இருக்கையோடு சொந்தமாகச் சின்ன மைதானம் கட்டிக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை கிளம்பியது. உறுப்பினர்கள்தான் கிளப்புக்கு முதலாளிகள். ஆளுக்கு ஒரு ஓட்டு. அக்காவுக்கும் ஒன்று உண்டு, அவள் அண்ணனுக்கும் ஒன்று உண்டு.

அண்ணன் டயர்க்கடைக்காரர். ஏர் கம்ப்ரஸர் ஓடும்போதே பேசிப் பழகியதால் காதுக்குள் சொல்கிற ரகசியம்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும். சின்ன மைதானம் வேண்டாம் என்ற கட்சிக்கு அவரே தலைவர், அவரே ஒலிபெருக்கி. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டவா இத்தனை வருடம் கொடி பிடித்தோம் என்பார். என்றைக்காவது கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வந்தோமானால் முப்பதாயிரம் பேர் திரண்டு வருவார்கள், அவர்களை எங்கே உட்காரவைப்பது, டெப்போவில் பஸ் கூரை மேலா என்று கேட்பார். வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகத்தான் தைக்க வேண்டும் என்று தங்கையின் தொழிலை வைத்தே தங்கையை மடக்கப் பார்த்தார்.

"பெருசா தைக்கலாம் அண்ணே, உள்பக்கம் மடிச்சு விடலாம். அதுக்காகப் பெரியப்பா சட்டையை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டுவியா?" என்றாள் அவள். டயர்க்கடையில் பஞ்சருக்குக் காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

உண்மையில் அவளும் முதலில் அண்ணன் கட்சிதான். சென்ற மாதம் வெளியூர் ஆட்டத்துக்குக் கிளப் பஸ்ஸில் போனது வினையாகிவிட்டது. அந்த ஊர் மைதானம் ஆறாயிரம் பேருக்கு மேல் கொள்ளாது. ஓடுபாதை கிடையாது. கையை நீட்டினால் மூலைக்கொடியைத் தொட்டுவிடலாம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவளுக்கு 'தொப்' என்று ஒரு சத்தம் கேட்டது. பந்தை உதைக்கும் சத்தம்! பதினோரு வருடத்தில் சொந்த மைதானத்தில் அவள் ஒருமுறைகூடக் கேட்டறியாத சத்தம். அங்கே கேட்பதெல்லாம் காற்றில் போர்வை படபடப்பதுதான். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தாள். டிரைவர் கூட ஒரு கட்டத்தில் "சரிக்கா, கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் மற்றது உறைத்தது. சின்ன மைதானம் நிரம்பி வழியும். நிரம்பி வழிகிற இடத்தில் போர்வை எதற்கு? போர்வை இல்லாத இடத்தில் போர்வை அக்கா எதற்கு?

அண்ணன் இதைப் பச்சையாகவே சொன்னார். டயர்க்கடையை மூடிவிட்டு அவளைத் தேடி வந்து, அவருக்குத் தெரிந்த வரையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறியே, இது உனக்குப் புரியுதா இல்லையா?" என்றார். புரிகிறது என்றாள். பயமாக இல்லையா என்றார். இருக்கிறது என்றாள். பயம் இருந்தது நிஜம்தான். மறுபடி யாரோ ஒருவர் கடையின் பின்னறை, மறுபடி பேன்ட் கால். ஆனால் காதுக்குள் அந்தத் 'தொப்' நிற்கவில்லையே, என்ன செய்வது?

ஓட்டெடுப்பு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் மாலை, லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணியோடு ஆட்டம். திங்கட்கிழமை துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. மூடப்போவது அதே அறுபத்து நாலு. திறந்துவிடப்போவது அதே பதினாறு. அந்தப் பதினாறையும் ஏன் ஒரே இடத்தில் விடக் கூடாது? கிழக்குப் பக்கம், கீழ்த்தட்டு, தாழ்ந்த கூரைக்கு அடியில் நெருக்கமாக? பேசிப் பேசி யாருக்குத் தெரியப்போகிறது, சின்ன மைதானம் என்றால் என்ன என்று ஒருநாள் உட்காரவைத்தே காட்டிவிடலாமே! எழுந்து செயலாளர் அறைக்கு ஓடினாள்.

செயலாளர் தன் வாழ்நாளில் எதற்கும் சரி என்றோ கூடாது என்றோ சொல்லாதவர். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, துணி விஷயம் துணிக்காரர் பொறுப்பு, அதில் தான் தலையிட முடியாது என்றார். அக்காவுக்கு அது போதும்.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. போர்வைகள் இடத்துக்கு இடம் அளவெடுத்துத் தைத்தவை. வளைவில் கட்டுவது ஒரு பக்கம் குறுகி இருக்கும். அதை நேர்வரிசையில் விரித்தால் பல்லிளிக்கும். பத்துப் போர்வைகளைப் பிரித்து வெட்டி மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. நாலு நாள் மெஷின் ஓய்வில்லாமல் ஓடியது. தடித்த ஊசி பதினேழு உடைந்தது. சுமைக்காரர்கள் இருவரும், இது போர்வையா கப்பல் பாயா என்று முனகிக்கொண்டே சுமந்தார்கள். சனிக்கிழமை நண்பகலில் கடைசிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, ஸ்டேடியம் முழுக்க ஒரே நீலம். கிழக்கே மட்டும் எட்டாயிரம் வெறும் இருக்கை. இது சொதப்பினால் ஊரே காறித் துப்பும்.

ஜனங்கள் வந்தார்கள். வந்ததும் சண்டை. காலி ஸ்டேடியத்தில் பதினோரு வருடம் ராஜா மாதிரி உட்கார்ந்து பழகியவர்கள் அவர்கள். ஆளுக்கு மூன்று இருக்கை. ஒன்றில் தான், ஒன்றில் பை, ஒன்றில் கால். இப்போது பையை மடியில் வை, காலைத் தரையில் வை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? வடக்குப் பக்கத்தில் பழைய ட்யூப் ஒன்றைக் காற்றடித்து மெத்தையாகப் போட்டுக்கொண்டு ஆட்டம் பார்க்கிற அண்ணன், அந்த ட்யூபைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தங்கையின் அறைக்கு வந்து கத்தினார். அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கிழக்கே மூன்றாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, தான் படி முகப்பில் நின்றுகொண்டாள்.

முதல் பத்து நிமிடம் முணுமுணுப்பு. முட்டி இடிக்கிறது, தோள் உரசுகிறது. அப்புறம் நம் பக்கத்து முன்னாட்டக்காரன் ஒரு பந்தைக் கோல் கம்பத்தில் அடித்தான். 'ஆ!' என்று ஏழாயிரம் வாய் ஒன்றாகத் திறந்தது. அந்த 'ஆ' மேலே போய்க் கூரையில் முட்டி, திரும்பி அவர்கள் தலை மேலேயே விழுந்தது. ஜனங்கள் திடுக்கிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் கோல்கீப்பர் திரும்பி, இது யார் என்கிற மாதிரி பார்த்தார்.

யாரோ ஒருவர் கை தட்டினார். இத்தனை வருடமும் வடக்கே தட்டினால் தெற்கே வந்து சேர்வதற்குள் தாளம் குழம்பிவிடும். சேர்ந்து தட்டுவதையே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். இன்றைக்குத் தட்டினால் ஒரே தட்டு! ஏழாயிரம் பேருக்கும் ஒரே கை. ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள், நம்பவில்லை. மறுபடி தட்டினார்கள். பிறகு நிறுத்தவே இல்லை. போர்வை அக்காவுக்குக் காலடியில் சிமெண்ட் அதிர்ந்தது.

எதிரணியின் பின்னாட்டக்காரன் ஒருவன் அந்தச் சத்தத்தில் மிரண்டு, தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிட வேண்டிய பந்தை அரைகுறையாகத் தட்டினான். நம் ஆள் பாய்ந்தான். கோல்! அக்கா யாரென்றே தெரியாத ஒரு பெண்மணியைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். மூன்றாம் வரிசையில் ஒரு கறுப்பு ட்யூப் ஆகாயத்துக்குப் பறந்தது. எண்பதாவது நிமிடத்தில் அவர்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். வழக்கமாக அந்த நேரத்துக்குப் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அன்று ஒருவர்கூட எழவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் முடிந்தும், முதலிட அணியை முட்டுக்கட்டை போட்டு நிறுத்திவிட்ட பெருமையில் நின்றபடியே தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் ஓடுபாதையைத் தாண்டி வந்து முன்வரிசைக் கைகளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை உறுப்பினர் கூடத்தில் உட்கார இடமில்லை. செயலாளர் புது மைதானத்தின் திட்டத்தை வாசித்தார். உடை மாற்றும் அறை, மருத்துவ அறை, டிக்கெட் அறை. கடைசியில் "துணி அறை ஒன்று, பணியாளர் ஒருவர்" என்று வாசித்துவிட்டு, அக்கா இருந்த பக்கம் பார்த்து லேசாகச் சிரித்தார். மனுஷன் நல்லவர். அவளை நடுத்தெருவில் விட மனமில்லாமல் ஒரு வரியைச் சேர்த்திருந்தார்.

அவள் எழுந்தாள்.

"அந்தக் கடைசி வரியை அடிச்சிடுங்க சார். மூடி வைக்கிறதுக்குன்னு ஒரு ரூமைக் கட்டிட்டீங்கன்னா, காலியா விடறதுக்கும் சேர்த்துக் கட்டறீங்கன்னு அர்த்தம். மூடணும்னா பழைய இடத்துலயே மூடிட்டுப் போறேன்."

செயலாளர் வாழ்க்கையில் முதல்முறையாக "சரி" என்றார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

ஆதரவாக இருப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். அவள் தன் கையை எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் தூக்கினாள். சுற்றிலும் கைகள் எழுந்தன, பையை மடியில் வைக்க மாட்டேன் என்று நேற்றுச் சண்டை போட்ட கைகள். பக்கத்திலிருந்த அண்ணன் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. எதிர்ப்பவர்கள் என்றதும் டயர்க் கறை படிந்த அந்தக் கை மெல்ல மேலே போனது.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "நேத்து தொண்டை கிழியக் கத்துனது யாரு? ட்யூபைத் தூக்கி எறிஞ்சது யாரு? இப்ப என்ன, பெரிய ஸ்டேடியம்தான் வேணுமா உனக்கு?"

அண்ணன் திரும்பினார். தெருவுக்கே கேட்கும் குரல் நேற்றோடு போயிருந்தது. காற்றுதான் வந்தது.

"எனக்கும் சின்னதுதான் வேணும். அதைக் கட்டிடுவாங்க, அதுக்குப் போதுமான கை இருக்கு பார். ஆனா என் தங்கச்சி வேலையை எடுக்கறதுக்கு என் கையைத் தூக்க மாட்டேன்."

அவள் பிடித்திருந்த சட்டையை விட்டாள். மேடையில் எண்ணி முடித்தார்கள். கட்டலாம் என்று நானூற்று இருபத்தாறு, வேண்டாம் என்று இருநூற்று ஐம்பத்தெட்டு. கூடம் இரண்டாகப் பிளந்துவிடும்போல் எல்லோரும் எழுந்து தட்டினார்கள், நேற்று போலவே ஒரே தட்டாக. போர்வை அக்காவும் தட்டினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலேயே தட்டினாள். அவள் ஜெயித்துவிட்டாள், வேலையும் போய்விட்டது. தோற்றுப்போன இருநூற்று ஐம்பத்தெட்டில் ஒரு ஓட்டு அவளுக்கென்றே விழுந்திருந்தது.