பொலிசுக்கு எழுதிய விண்ணப்பம்

என் கணவர் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவதென்றால் முதலில் மேசையைத் துடைப்பார். நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் எட்டு வருடம் மீன் வெட்டியவர். ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகும் அந்தத் துடைப்பு மாறவில்லை. நான் கேலி செய்வேன். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

வன்னியில் போர் இறுகிய வசந்தம் அது. என் அக்கா குடும்பம் உள்ளே அகப்பட்டிருந்தது. கிழமைக்கணக்காக ஒரு தகவலும் இல்லை. ஒஸ்லோவில் நாங்கள் இருந்த எல்லிங்ஸ்ருட் பகுதித் தமிழர்கள் சேர்ந்து பாராளுமன்றத்தின் முன்னால் ஊர்வலமாகப் போய் நிற்பதென்று முடிவெடுத்தோம். பொலிசிடம் போகும் வேலையை இவர் தலையில் கட்டினார்கள்.

தயவுகூர்ந்து அனுமதி தருமாறு பணிவோடு எழுதினார். கூடவே, வருகிற அத்தனை பேருடைய பெயர், விலாசம், பிறந்த தேதி எல்லாவற்றையும் எழுதி இணைத்தார். ஊரில் வீட்டில் இருப்பவர்களின் பெயரை இராணுவத்துக்கு எழுதிக் கொடுத்தே பழகியவர்கள் நாங்கள். ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. எனக்கு மட்டும் பட்டது, அதுவும் முதல் பெயர் என்னுடையது என்பதால்.

என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது முடிவுக்காகக் கிடந்தது. பெயரை வெட்டச் சொன்னேன். வெட்டினால் சந்தேகப்படுவார்கள், முதியோர் இல்லத்தில் வேலை செய்பவளின் பெயர் முன்னால் இருந்தால்தான் மதிப்பு என்றார். இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அக்காவுக்காக நடக்கவும் வேண்டும், ஆள் யாரென்று தெரியவும் கூடாது. அதுதான் என் வீரம்.

மூன்றாம் நாள் பொலிஸ் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். இவர் கலியாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பொலிஸ்காரப் பெண் அவருடைய வடபகுதி நோர்வேஜியனைக் கேட்டுச் சிரித்தாள். கடிதத்தை வாசித்துவிட்டு, அனுமதி கேட்கத் தேவையில்லை, நேரமும் இடமும் பாதையும் அறிவித்தால் போதும் என்றாள். பெரிய கலவரம் வருமென்று வலுவான காரணம் இருந்தாலொழியத் தடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லையாம். பட்டியலைத் திருப்பித் தள்ளினாள்.

இவர் விடவில்லை. எல்லோரும் நேர்மையானவர்கள் என்று மறுபடியும் அவள் பக்கம் தள்ளினார்.

"இதை நான் வாங்கக் கூடாது. யார் வருகிறார்கள் என்பது எங்களுக்குத் தேவையில்லை" என்றாள்.

என் குடியுரிமை விண்ணப்பத்தைப் பற்றி மெல்லக் கேட்டேன். சட்டப்படி நடக்கும் ஊர்வலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றாள். அந்தப் பிள்ளையைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

பொறுப்பாளர் என்று ஒரே ஒரு பெயர் மட்டும் வேண்டும் என்று படிவத்தை நீட்டினாள். இவர் தன் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

"என்ரை பேரைப் போடுங்கோ" என்றேன்.

என்னைப் பார்த்தார். "வேண்டாம். உம்மடை கடதாசி முதல் வரட்டும்."

இரண்டு நாள் நான் கதைக்காமல் இருந்து எதிர்பார்த்த அக்கறை, இப்போதுதான் வெளியே வந்தது. அந்த மனிதர்மேல் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினேன். யாரும் மிரட்டாமல், நானாக ஒரு பொலிசுக்குப் பெயர் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. முழுப் பெயரையும் எழுதினேன்.