மாஸ்டர் பக்கத்துப் பிரேக்

மாஸ்டருடைய வலது கால் அவர் பேச்சைக் கேட்காது. பஸ்ஸில் சும்மா பயணியாக உட்கார்ந்திருப்பார். குறுக்கே ஒரு நாய் வந்தால் போதும், டிரைவருக்கு முன்னால் இவர் கால் தரையை மிதித்துவிடும். வீட்டில் டிவியில் கார் துரத்துகிற காட்சி வந்தால் டீப்பாயை ஓங்கி மிதிப்பார். "அப்பா, அவன் வில்லன்ப்பா! மோதட்டும், விடுங்க!" என்று மகள் கத்துவாள்.

வேறென்ன செய்வார், பாவம்! டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிற மனுஷனுக்குப் பிழைப்பே அந்தக் கால்தானே. ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் மாஸ்டர் இரண்டு காலாலும் இரண்டையும் சேர்த்து ஒரே அமுக்கு. வண்டி சமர்த்தாக நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு கோழிக்குஞ்சுகூட அவர் வண்டியில் அடிபட்டதில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு.

ஊரில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். அவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. அவள் நர்ஸ். ஊரே அவளை சிஸ்டர் என்று கூப்பிடும், கேலிக்கு மாஸ்டரும் அப்படியே கூப்பிடுவார். "கட்டின பொண்டாட்டியை சிஸ்டர்னு கூப்பிடற மனுஷனை எங்கேயாவது பார்த்திருக்கியாடி?" என்று மகளிடம் அலுத்துக்கொள்வாள். லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆகிறது. ஸ்டியரிங்தான் கைக்கு வரவில்லை. அவள் கேட்கும்போதெல்லாம் மழை வருது, டயர் சரியில்லை, ரோட்டில் கூட்டம் என்று மாஸ்டர் ஏதாவது சப்பைக்கட்டு கட்டுவார்.

இந்தத் தடவை அது பலிக்கவில்லை. அவளை மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போகிற ஒரே பஸ் மத்தியானம்தான் போய்ச் சேரும். திங்கட்கிழமை காலையிலிருந்து நேரத்துக்கு வர முடியாவிட்டால் தூரத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பிவிடுவோம், அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதாவது புருஷன் ஒரு ஊர், பொண்டாட்டி ஒரு ஊர், நடுவில் படிக்கிற பெண்.

"நானே தினமும் கொண்டு போய் விடறேன்" என்றார் மாஸ்டர்.

"அப்புறம் ஸ்கூலை யார் நடத்துவா? பேசாம ஒரு கார் பாருங்க. பெட்ரோல் குடிக்காத வண்டியா, வீட்டுக்கும் ஆகற மாதிரி. நான் ஓட்டறேன்."

"இவ்வளவு நாள் தொடலையே, திடீர்னு எப்படி?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "தொட விட்டாத்தானே? நீங்க கத்துக்கொடுத்தப்பகூட, நான் ஓட்டினேனா நீங்க ஓட்டினீங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. வண்டி நின்ன ஒவ்வொரு தடவையும் யார் நிறுத்தினதுன்னு யோசிச்சிருக்கேன்."

"நீதான் நிறுத்தினே" என்றார்.

"பொய்" என்றாள் சிஸ்டர். பொய்தான்.

மறுநாள் பழைய கார் விற்கிற தரகரிடம் போனார்கள். மாஸ்டரைப் பார்த்ததும் தரகருக்கு வாயெல்லாம் பல். கூரையில் கண்ணாடி ஜன்னல் வைத்த பெரிய வண்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். "சிஸ்டர் இதுல வந்து இறங்கினா டாக்டரே எழுந்து நிப்பார்!"

"டாக்டர் நிக்கட்டும். பெட்ரோல் பங்க்ல தினமும் நாங்க இல்ல நிக்கணும்!" என்று மாஸ்டர் நகர்ந்துவிட்டார். மூலையில் நின்ற சின்ன வெள்ளை வண்டியைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். நன்றாக மைலேஜ் கொடுக்கும், உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும், குறுகின சந்திலும் திரும்பும். மனைவி குள்ளம், சீட்டை உயர்த்தி அவளை உட்காரவைத்து ரோடு எங்கிருந்து தெரிகிறது என்று கேட்டார். டிக்கியில் மருந்துப் பெட்டி, மகளுடைய சைக்கிள் இரண்டும் கொள்ளுமா என்று பார்த்தார். குறை சொல்ல முடியாத தேர்வு. தரகரே வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் கடைசியாக ஒன்று பார்த்தார். யாரும் கவனிக்காதபோது பக்கத்து சீட்டுக்கு முன்னால் குனிந்து, மிதியடியைத் தூக்கி, கையை நீட்டி இடத்தை அளந்தார். ஒரு பிரேக் வைக்கலாம். கிளட்ச்சுக்கு இடம் பத்தாது. பரவாயில்லை, பிரேக் ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டார். அத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்த மனுஷன் இப்படியா நினைப்பார்! ஆனால் நினைத்தார்.

"நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கவா?" என்றாள் சிஸ்டர்.

"இங்க இடம் பத்தாது. சனிக்கிழமை மலை ரோட்லயே ஓட்டிப் பாரு."

வெள்ளிக்கிழமை, வாங்கின வண்டியை அவருக்கு வழக்கமான மெக்கானிக்கிடம் விட்டார். மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "சொந்த வண்டிக்கு எதுக்கு மாஸ்டர் பக்கத்துப் பிரேக்? சிஸ்டருக்குத் தெரியுமா?"

"சொன்ன வேலையைச் செய்ப்பா."

"திங்கக்கிழமை அவங்க தனியாத்தானே போகணும்? நீங்களும் போய் நர்ஸ் வேலை பார்க்கப் போறீங்களா?"

மாஸ்டருக்கு மனைவி மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அவருக்கு பயம், அவ்வளவுதான். ஊரார் உயிரையெல்லாம் அவர் கால் காப்பாற்றிவிட்டது. இந்த ஒரு உயிரை மட்டும் எப்படிக் காலில்லாமல் அனுப்புவது? கொஞ்ச நாள் கூடப் போய்விட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பிவரலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பிரேக் பொருத்தியானதும் அதற்கு முன்னால் தன் தோள்பையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். வெளியே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை சிஸ்டர் ஸ்டியரிங் பிடித்தாள். விரல்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தாள். முதல் தெருவில் எஞ்சின் அணைந்தது. மறுபடி எடுத்தாள். கடைத்தெரு தாண்டினாள், லாரிக்கு வழி விட்டாள். மாஸ்டருடைய கால் தோள்பைக்கு அந்தப்பக்கம் போய் பெடல் மேலேயே நின்றது. நாலைந்து இடத்தில் லேசாக அமுக்கினார். "வண்டி ஏன் இழுக்குது?" என்றாள். "புது ரோடு இல்லையா" என்றார். அந்த பதில் அவருக்கே விளங்கவில்லை.

ஊர் எல்லையில் ரயில்வே கேட். கேட் திறந்திருந்தது. சிஸ்டர் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, தண்டவாளத்தில் ஏற்றினாள். முன் சக்கரம் ஏறி இறங்கியது. அந்த நேரம் மணி அடித்தது.

கடந்துபோக வேண்டிய நேரம். கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் மாஸ்டர் சொல்கிற முதல் பாடமே, நடுத் தண்டவாளத்தில் நிற்காதே என்பதுதான். ஆனால் மணி கேட்டதும் அவருடைய கால்கள் பழக்கப்படி இரண்டும் சேர்ந்து அமுக்கின. இடது கால் வெறும் தரையை மிதித்தது. வலது கால் பிரேக்கை மிதித்தது. கிளட்ச் இல்லாமல் பிரேக் விழுந்ததும் வண்டி ஒரு உதறு உதறி, தண்டவாளத்தின் மேலேயே அணைந்து நின்றது.

சிஸ்டர் சாவியைத் திருகினாள். எஞ்சின் பிடித்தது. கிளட்ச்சை விட்டாள், மறுபடி அணைந்தது. "ஐயோ, என்னங்க இது? நகரலையே!" கேட் கம்பி மெதுவாக இறங்க ஆரம்பித்தது. தூரத்தில் ரயில் ஊதியது. கால் பெடலில் இருப்பது மாஸ்டருக்குத் தெரிந்தது. எடுக்கத்தான் முடியவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். தன் காலுக்கடியில் பிரேக் பெடல் தானாகத் தாழ்ந்து கிடந்தது. அவள் பார்வை தோள்பைக்குப் போனது, பையிலிருந்து அவர் காலுக்குப் போனது.

"மாஸ்டர்! காலை எடுங்க!"

ஜென்மத்தில் ஒரு தடவைகூட அவரை அவள் மாஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதோடு விடாமல் அவர் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். கால் துள்ளி விலகியது. எஞ்சின் பிடித்தது. இறங்குகிற கம்பிக்கு அடியில் வண்டியை நுழைத்து, அந்தப்பக்கம் கொண்டுபோய், ஓரங்கட்டி நிறுத்தினாள். பின்னால் ரயில் கடகடவென்று போய் முடிந்தது.

கேட் கீப்பர் கொடியும் கையுமாக ஓடிவந்தார். "ஓட்டத் தெரியலைன்னா எதுக்கம்மா வண்டியை எடுக்கறீங்க? அறிவு வேண்டாமா?"

சிஸ்டர் திரும்பி மாஸ்டரைப் பார்த்தாள்.

"அவங்க மேல தப்பில்லைங்க" என்றார் மாஸ்டர். "நான்தான் பிரேக் போட்டேன்."

"பக்கத்து சீட்டுல உக்காந்துகிட்டா? நல்ல குடும்பம்!" என்று கேட் கீப்பர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

சிஸ்டர் அழுதாள். முகத்தை மூடாமல் அழுதாள். "இந்த வண்டியைப் பார்த்துப் பார்த்து எனக்காக வாங்கினீங்கன்னு வார்டு முழுக்கச் சொல்லிட்டு வந்தேன். உங்களுக்காகத்தான் வாங்கியிருக்கீங்க. என்னைக் கொன்னிருப்பீங்க, தெரியுமா?"

"தெரியும்" என்றார்.

"டிக்கியில ஸ்பானர் இருக்கு. கழட்டுங்க."

ரோட்டோரத்தில் மண்டியிட்டுக் கழற்றினார். நட்டு ஒன்று இரண்டு தடவை கைநழுவி உருண்டது. கழற்றி முடித்து நிமிர்வதற்குள் அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

"எங்க போறே?"

"வேலைக்குப் போற இடத்தைப் பார்த்துட்டு வர்றேன். நீங்க இங்கேயே நில்லுங்க."

வண்டி வளைவில் மறைந்தது. மாஸ்டர் கையில் பிரேக் பெடலோடு கேட் ஓரமாக நின்றார். அவள் இந்நேரம் முதல் வளைவில் இருப்பாள். கால் சரளைக் கல்லை மிதித்தது. இப்போது பாலம், மறுபடி மிதித்தது. "என்ன சார், எறும்பு கடிக்குதா?" என்றார் கேட் கீப்பர். மாஸ்டருக்கு அழுகை வராமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாக இருந்தது.

வெயில் ஏறி, அவர் காலடியில் சின்னக் குழியே விழுந்த பிறகு, வெள்ளை வண்டி மேலிருந்து இறங்கி வந்தது. அதே நேரம் மணி அடித்தது. மாஸ்டருடைய கால் கல்லுக்குள் புதைந்தது. இறக்கம், வேகம், எதிரே கேட் கம்பி. "நிறுத்து!" என்று கத்த வாயெடுத்தார். அதற்குள் வண்டி தானே வேகம் குறைந்து, குலுங்காமல், கோட்டுக்கு முன்னால் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை.

கண்ணாடி இறங்கியது. சிஸ்டருடைய முகம் வேர்த்திருந்தது.

"இப்ப நிறுத்தினது யாரு?"

மாஸ்டர் தன் காலைப் பார்த்தார், கையிலிருந்த பெடலைப் பார்த்தார்.

"நீதான்" என்றார்.

"ஏறுங்க" என்றாள் அவள். "பின் சீட்டுல."