சரோஜா ஏற்றிப் பார்த்த ஜாக்கி

ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பெங்களூர் ரோட்டோரம் அப்பாவு பஞ்சர் கடை வைத்திருந்தார். கடையில் அவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாத பொருள் ஒன்று இருந்தது, லாரியைத் தூக்கும் பத்து டன் ஜாக்கி. அவர் மனைவி சரோஜா அதைத் தொட்டதில்லை. தொட ஆசைப்பட்டதும் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆனி மாதம் ஜாக்கி படுத்துவிட்டது. வெறுமனே கைப்பிடியை அடித்தால் தண்டு மேலே வரும். லாரிக்குக் கீழே வைத்து அடித்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அப்பாவு அதை வீட்டுக்குத் தூக்கிவந்து, சாக்கை விரித்துப் பிரித்தார். எண்ணெயைச் சரோஜாவின் எவர்சில்வர் டபராவில் வடித்தார். உள்ளே இருந்த ரப்பர் வாஷரை மாற்றி, எண்ணெயை ஊற்றிப் பூட்டினார். ஜாக்கி அமுங்கியது.

"வாஷர் மட்டம்" என்றார்.

இரண்டாவது வாஷரும் மட்டமாக இருந்தது. மூன்றாவதும் அப்படியே. லாரிக்காரர்கள் அடுத்த கடைக்குப் போகத் தொடங்கினார்கள்.

அரிசி களைந்துகொண்டிருந்த சரோஜா கேட்டாள்: "உள்ள காத்து மாட்டிக்கினு கீதோ இன்னாவோ?"

"இது ஜாக்கிமே. டியூப் இல்ல."

"தெரு அடிபம்புல தண்ணி எறங்கிப்போனா வெறும் காத்துதான வருது? எம்மாம் அடிச்சாலும்..."

"நீ சோத்தப் பாரு."

அவள் சோற்றைப் பார்த்தாள்.

மறுநாள் அப்பாவு குன்றத்தூர் போய் நாலாவது வாஷர் வாங்கிவந்தார். சாப்பிட்டுவிட்டு இரும்புக் கட்டிலில் படுத்தவர் உடனே தூங்கிப்போனார்.

சரோஜா ஜாக்கியின் முன்னால் உட்கார்ந்தாள். எந்தத் திருகு எதற்கு என்று மூன்று முறை பார்த்தாகிவிட்டது. அடித் திருகைத் திறந்து, தண்டை முழுக்க அழுத்தி இறக்கினாள். பக்கவாட்டில் எண்ணெய் ஊற்றும் ஓட்டையின் மூடியைப் பிடுங்கினாள். திருகைத் திறந்தபடியே விட்டு, கைப்பிடியை வேகமாக அடித்தாள். ஓட்டையில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. நாற்பது அடிக்குப் பிறகு குமிழி நின்றது. எண்ணெய் கீழே இறங்கியிருந்தது. ஓட்டையின் விளிம்பு வரை ஊற்றி, மூடியையும் திருகையும் இறுக்கினாள்.

இனி பாரம் வேண்டும். அரிசி டிரம் காலி. வீட்டில் கனமாக இருந்தது கட்டிலும் அதில் தூங்கிய அப்பாவுவும்தான். தலைமாட்டுச் சட்டத்துக்குக் கீழே பலகை போட்டு, ஜாக்கியை வைத்து அடித்தாள்.

கால்மாட்டைவிடத் தலைமாடு அரை அடி உயர்ந்தபோது அப்பாவு விழித்துக்கொண்டார். தலையைத் திருப்பிக் கீழே ஜாக்கியைப் பார்த்தார்.

"ஏறுதா?"

"ஏறுது."

"எறங்குதா?"

"தெரில. அப்டியே படுத்துக்கினு இருங்க."

அவர் அசையாமல் படுத்திருந்தார். சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே எத்தனை சாண் என்று அளந்துவிட்டு, அவள் போய் இரண்டு பாத்திரம் துலக்கினாள். திரும்பி வந்து மறுபடி அளந்தாள்.

"எறங்கல."

அப்பாவு கால்மாட்டுப் பக்கமாகச் சறுக்கி இறங்கினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிட அதிகமாக இருந்ததால், எதையும் காட்டிக்கொள்ளாமல் ஜாக்கியின் பக்கத்தில் குந்தினார்.

"எத்தினி அடி அடிச்சே?"

"நாப்பது."

"திருகத் தொறந்து வெச்சிக்கினா?"

"தொறந்து வெச்சிக்கினுதான்."

சட்டைப் பையிலிருந்து நாலாவது வாஷரை எடுத்து அவளிடம் நீட்டினார். "உங்கிட்டயே இருக்கட்டும்."

ஆடி பிறப்பதற்குள் விஷயம் ரோடெல்லாம் பரவிவிட்டது. டிரைவர்கள் ஜாக்கியைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வருவார்கள். அப்பாவு டயரிலிருந்து தலையைத் தூக்காமல், கையை மட்டும் பின்தெருப் பக்கம் காட்டுவார்.

"வூட்லதான் கீறாங்க, போங்க."