ஆமைக் குளத்தை இடமாகச் சுற்றியவர்

காசிவிஸ்வநாதன் செட்டியார் எதையும் இடமாகச் சுற்றமாட்டார். கோயிலில் சாமியை வலமாகச் சுற்றுவதுதான் முறை. அதில் யாருக்கும் தகராறு இல்லை. இவர் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அதுதான் சங்கடம். சாப்பாட்டு மேசை, மின்கம்பம், தெருவில் நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர், டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் வேலை பார்த்த சரக்கு அலுவலகத்தில் குவித்துவைத்த பெட்டிகள், எதுவானாலும் தன் வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான் சுற்றிப் போவார். இடமாகச் சுற்றுவது சுடுகாட்டில் கொள்ளிக்குடம் தூக்குகிறவன் செய்கிற வேலை என்பது அவர் கட்சி.

சைகோன் இந்தக் கொள்கைக்கு ஏற்ற ஊரே இல்லை. ஹோ சி மின் நகரம் என்று பெயர் மாறி ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது, ஆனால் வண்டிகள் போகும் பக்கம் மாறவில்லை. எல்லாம் சாலையின் வலப்பக்கம் போகின்றன. அதனால் ரவுண்டானாக்களில் அத்தனை மோட்டார் சைக்கிள்களும் விடிந்ததிலிருந்து அடையும்வரை இடமாகவே சுற்றுகின்றன. ஊரே தனக்குத்தானே காரியம் செய்துகொள்கிறதே என்று செட்டியார் மனம் பதறும். பைக் டாக்சியில் போனால் ரவுண்டானாவுக்கு முன்பே இறங்கிக்கொள்வார். நடந்து கடந்து மறுபக்கம் போய் நிற்பார். ஓட்டுகிறவன் சுற்றிவந்து மறுபடி ஏற்றிக்கொள்வான். இந்த இந்தியருக்கு ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று அந்தப் பேட்டையின் டாக்சிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர், "தினமும் நடக்கவேண்டும், நடுவில் நிற்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

செட்டியார் குடியிருந்த மாடி வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் ஆமைக் குளம். அதில் ஆமை கிடையாது. முன்பு வெண்கலத்தில் ஒன்று இருந்ததாம், அதுவும் போய்விட்டது. குளம் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். தெருக்கள் கூடுகிற இடத்தில் கான்கிரீட்டால் கட்டிய பெரிய தொட்டி, நடுவில் பூ விரிந்தாற்போல உயரமாக ஒரு தூண். ஆனால் காலையில் நடப்பதற்கு நல்ல இடம். குளத்தை ஆசை தீரச் சுற்றிவிட்டு, மரங்கள் அடர்ந்த தெரு வழியாகப் போய் ஒரு திருப்பம் திரும்பினால் தாவ் டான் பூங்கா. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கவர்னர் மாளிகையின் பின்தோட்டமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தால் தலைப்பாகை விழும் உயரத்துக்கு மரங்கள். அதன் ஊடே நேராக நடந்தால் மாரியம்மன் கோயில் தெரு. மேடில்லை, பள்ளமில்லை, முட்டிவலிக்காரர்கள்கூடச் சிரமமில்லாமல் நடக்கலாம்.

ஒரே சிக்கல், ஆமைக் குளத்தில் நடக்கிறவர்கள் அத்தனை பேரும் இடமாகச் சுற்றினார்கள். செட்டியார் ஒருவர்தான் எதிர்த்திசை. ஒரு சுற்றில் ஒவ்வொருவரையும் இரண்டு தடவை நேருக்கு நேர் பார்க்கவேண்டி வந்தது. பார்த்தால் தலையாட்டாமல் போவது மரியாதையா? ஆட்டினார். கொஞ்ச நாளில் சர்க்கரை இறங்கியது, கழுத்து வலி வந்தது.

அப்படித் தலையாட்டியவர்களில் ஒருவர்தான், முட்டிவலியோடு நடக்க வந்த ஏவ்லின். அப்பா காரைக்கால் தமிழர், அம்மா வியட்நாம்காரர், இருவருமே இப்போது இல்லை. ஏவ்லின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வந்தார். நாள்பூராவும் தமிழ் பேச ஆளில்லாத அவருக்கு, விபூதி பூசிக்கொண்டு எதிர்த்திசையில் வரும் மனிதர் கிடைத்தால் விடுவாரா?

"போன்ழூர், முசியே. தமிழா?" என்று பிரெஞ்சில் ஐயா போட்டு வணக்கம் சொல்லி ஒரு காலையில் கேட்டார்.

செட்டியார் பதில் சொல்வதற்குள் கடந்துபோய்விட்டார்கள். நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். திரும்பி அவரோடு போகலாம் என்றால் இடமாகச் சுற்றவேண்டும். ஆகவே அரைச் சுற்று நடந்து, மறுபடி எதிரே வந்தபோது, "ஆமாங்க, தேவகோட்டை" என்றார்.

இப்படி ஆரம்பித்த பேச்சு ஆண்டுக்கணக்கில் நடந்தது. சந்திக்கும்போது ஒரு வாக்கியம், அதற்குப் பதில் அரைச் சுற்றுக்குப் பிறகு. "மழை வரும் போல" என்று அவர் சொன்னால், இவர் "வந்திருச்சு" என்று சொல்வதற்குள் இருவரும் நனைந்திருப்பார்கள். ஏவ்லின் தன் அப்பா சைகோனின் சீனப் பேட்டையான சோலோனில் துணிக்கடை வைத்த கதையைச் சொல்லி முடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று. உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் அந்த அரைச் சுற்று முழுக்க அடுத்து என்ன சொல்வார் என்று நினைத்துக்கொண்டு நடந்தாரே, அந்தச் சுகத்தைச் செட்டியார் தன் ஆயுளில் வேறெங்கும் கண்டதில்லை. அவருக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியம்தான் வாயில் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஏவ்லின் எதிரே வந்து, "டிக்கெட் எடுத்தாச்சு" என்றார்.

அரைச் சுற்று. "எங்கே?"

அரைச் சுற்று. "பிரான்சுக்கு, லியோன். அண்ணன் கூப்பிடுது. போனா திரும்பி வரமாட்டேன்."

செட்டியார் அரைச் சுற்று முழுக்க யோசித்தார். எதிரே வந்ததும், "ரொம்ப நல்லதுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. ஏவ்லின் முகம் சுருங்கியதைப் பார்த்தார். அடுத்த அரைச் சுற்றில் ஏவ்லின் இல்லை.

அன்று இரவு செட்டியார் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சவரம் செய்யாத முகத்தோடு, விபூதி வைக்கவும் மறந்துபோய், குளத்தங்கரையில் வந்து நின்றார். ஏவ்லின் வந்தார், எப்போதும்போல இடமாக. பக்கத்தில் வந்ததும் செட்டியார் கண்ணை இறுக மூடி, 'முருகா' என்று வாய்விட்டுச் சொல்லி, திரும்பி, அவரோடு சேர்ந்து இடமாக நடக்க ஆரம்பித்தார்.

ஏவ்லினின் வலக் கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை காலமும் தாண்டிப்போகையில் இடப்பக்கத்தை மட்டுமே பார்த்துவந்தவருக்கு அது புதுச் செய்தி. அதைப் பார்த்ததில் தைரியம் வந்து, "போகாதீங்க" என்றார். பிறகு பழக்கதோஷத்தில் அரைச் சுற்றுக்குப் பேசாமல் வந்தார். சரியாக எதிர்ப்பக்கம் வந்ததும் செட்டியார், "என்னைக் கட்டிக்குவீங்களா?" என்றார்.

ஏவ்லின் அந்த அரைச் சுற்றையும் நடந்து முடித்தார். "சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்து சொல்றேன், முசியே காசி."

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது குளத்தைச் சுற்றி ஒரு டாக்சி போயிற்று. அதற்குள் மீனாம்பாள் ஆச்சி இருந்தார். முந்திரி வியாபாரி மெய்யப்பன் செட்டியாரின் மனைவி. கோயிலுக்குப் பூ வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். அவர் ஏவ்லினைக் கவனிக்கவே இல்லை. அவர் பார்த்ததெல்லாம், உலகமே புரண்டாலும் இடமாகச் சுற்றாத காசிவிஸ்வநாதன், சவரமில்லாமல், நெற்றி வெறுமையாக, கண் சிவந்து, நீர்நிலையை இடமாகச் சுற்றிக்கொண்டிருந்ததைத்தான். காசிக்கு உலகத்தில் இருக்கிற ஒரே உறவு தேவகோட்டையில் இருக்கும் அக்காள் வள்ளியம்மை. உடனே கணவருக்குப் போன் போட்டார்.

"என்னங்க, வள்ளியம்மை ஆச்சி போயிட்டாக போலிருக்கு. காசி குளத்தை இடஞ்சுத்துறாரு."

அதைவிட என்ன ருசு வேண்டும்? மத்தியானத்துக்குள் ஊரில் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் செய்தி போய்விட்டது. ஊரின் தென்கோடியில் இருக்கும் பூ மி ஹங்கிலிருந்துகூடக் கார் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

வீட்டில் செட்டியார் ஏவ்லினுக்காகக் கவுனி அரிசி இனிப்புக் கிண்டிக்கொண்டிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்டு ஓடிப்போய்த் திறந்தால், மெய்யப்பன் செட்டியாரும் மீனாம்பாள் ஆச்சியும், பின்னால் படி நிறைய ஆட்களும். யாரும் சிரிக்கவில்லை. செட்டியார் அப்படியே பின்வாங்கினார். பார்த்துவிட்டார்கள்! ஐம்பது வயதுக்கு மேல், சாதி விட்டு, மதம் விட்டு ஒரு பெண்ணோடு சேர்ந்து நடந்ததைப் பார்த்துவிட்டு நியாயம் கேட்க வந்திருக்கிறார்கள். அந்தப் பயத்தில் அவருக்கு "வாங்க" என்று சொல்ல நா எழவில்லை.

அவர் வாங்க என்று சொல்லாததில் வந்தவர்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. துக்க வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. அவர்களும் முறைப்படி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து, பாயை விரித்து, தலையைக் குனிந்து உட்கார்ந்தார்கள். அடுத்த கூட்டம் வந்தது, அதுவும் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் இருந்த சிலர் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார்கள். அவர்கள் இடத்தில் வேறு சிலர் வந்து உட்கார்ந்தார்கள். செட்டியார் மூலையில் நின்றுகொண்டு வேர்த்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

மீனாம்பாள் ஆச்சி மெதுவாக எழுந்து சமையலறைக்குள் போய் அடுப்பை அணைத்தார். துக்க வீட்டில் அடுப்பெரியக் கூடாது. கொண்டுவந்திருந்த சோற்றுத் தூக்கை மேடைமேல் வைத்தார். என் வீட்டில் அவளுக்கு ஒரு இனிப்புகூடச் சமைக்கவிடமாட்டார்களாம் என்று செட்டியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியவர் இல்லை. இப்போது கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இத்தனை வருசம் உங்க பேச்சை மீறி நான் ஒரு அடி வச்சதில்லை. இன்னைக்கு வச்சேன். நாளைக்கும் வைப்பேன். நீங்க சேத்துக்கிட்டாலும் சரி, ஒதுக்கிவச்சாலும் சரி."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மெய்யப்பன் செட்டியார் எழுந்து அவரை அணைத்து உட்காரவைக்கப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, ஜன்னலோரம் கிடந்த செட்டியாரின் போன் அடித்தது. அருகில் இருந்த மீனாம்பாள் ஆச்சி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தார். திரையில் வள்ளியம்மை ஆச்சி என்று இருந்தது.

"ஐயோ" என்றபடி ஆச்சி எதையோ அழுத்த, குரல் அறை முழுக்கக் கேட்டது.

"யாரு பேசுறது? மீனாளா? எந்தம்பிக்கு என்னடி ஆச்சு? காலையிலேருந்து ஆளு ஆளா வந்து எங்க வீட்டு முகப்புல உக்காந்திருக்காக, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாக! சைகோன்லேருந்து சாவுச் சேதின்னு மட்டும் சொல்றாக. காசி எப்படிடி செத்தான்?"

"நான் சாகலை, அக்கா" என்றார் செட்டியார்.

"பின்னே யாருடா செத்தது?"

எல்லாரும் மீனாம்பாள் ஆச்சியைப் பார்த்தார்கள். ஆச்சி, "இவரு ஏன் இடஞ்சுத்துனாரு? அதைச் சொல்லச் சொல்லுங்க முதல்ல" என்றார். ஊர் முழுக்கச் சாவைப் பரப்பியவர் கேட்கிற கேள்வியா இது? ஆனால் எல்லாரும் இப்போது செட்டியாரைப் பார்த்தார்கள். செட்டியார் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் படிக்கட்டில் பெரிய அழுகுரல் கேட்டது.

கீழே நூடுல்ஸ் கடை போட்டிருந்த வியட்நாம்காரப் பெண்மணி மத்தியானத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேலே குடியிருப்பது ஒற்றை ஆள். வாசலில் செருப்புக் குவியல், வருகிறவர்கள் யாரும் பேசுவதில்லை. சாயங்காலம் வந்து வழி கேட்ட ஏவ்லினின் கையைப் பிடித்து, அந்த இந்தியர் பாவம் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டாள்.

முட்டிவலிக்கார ஏவ்லின் அந்தப் படிகளை எப்படி ஏறினார் என்று யாருக்கும் தெரியாது. தலை கலைந்து, ஒரு காலில் செருப்பில்லாமல், தமிழும் பிரெஞ்சும் வியட்நாமியும் கலந்து கதறிக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி உள்ளே வந்தார். வந்தவர் முன்னால் செட்டியார் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஏவ்லினின் அழுகை பாதியில் நின்றது. கைப்பையை ஓங்கி அவர் தோளில் ஒன்று போட்டார். இன்னொன்றும் போட்டார். பிறகு அந்தத் தோளையே பிடித்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தார். போனில் வள்ளியம்மை ஆச்சி, "யாருடா அது அழுறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உக்காருங்க, உக்காருங்க" என்றார் செட்டியார். "எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"நான் போறேன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார் ஏவ்லின். "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம், அண்ணன்கிட்டயே போயிடறேன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கிட்டு வந்தேன்."

ஏவ்லின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கீழேருந்து மேலே ஏறி வர்றதுக்குள்ள நான் தாலி அறுத்துட்டேன், முசியே காசி. இனிமே எப்படி லியோன் போறது?"